பத்தரை மணிச் சங்கு

ஒலிக்கு மரணமில்லை. மனிதன் வாயிலிருந்து புறப்பட்ட எந்தச் சொல்லும் அழிவதில்லை. அது ஆகாயத்தில் ஏறி, விண்மீன்களுக்கிடையில் காலகாலமாக உலவிக்கொண்டிருக்கிறது. வானொலி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் நிகழ்ச்சி அமைப்பாளராக இருந்த புலவர் தணிகாசலம், புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் இதை எழுந்து நின்று சொல்வார். சொல்லி முடித்ததும் அலமாரியைத் திறந்து இருபது டேப்புகளை எடுத்துக் கொடுத்து, அழித்துக்கொண்டு வரச் சொல்வார். டேப் வெளிநாட்டுச் சரக்கு. சனிக்கிழமை பழையதை அழித்தால்தான் திங்கட்கிழமை புதியது பேச முடியும்.

வின்னி முதல் சனிக்கிழமை அழித்தவற்றில் ஒரு மந்திரியின் அணைக்கட்டு உரையும் ஒரு கவியரங்கமும் இருந்தன. அழித்த பிறகு ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. கேட்டாள். விண்மீன்களுக்கிடையில் எப்படியோ, டேப்பில் மந்திரி இல்லை.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. கோலார் தங்கவயல்காரி, மைசூர் மைன்ஸ் பக்கம், பார்லோ ஷாஃப்ட் என்ற சுரங்க வாயிலை ஒட்டிய தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தூசியை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா லூயிசா மிஷன் பள்ளியில் ஆயா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கும்போது வின்னியின் குரல் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரையும் எழுப்பும் என்று பாஸ்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தோடுதான் நிலையத்துக்குப் போனாள். குரலுக்கு இடமில்லை, தயாரிப்பு உதவியாளருக்கு இடமிருக்கிறது என்றார்கள். அதுவும் மாதாமாதம் புதுப்பிக்கிற தாள். நிரந்தர இடம் ஒன்று காலியாக இருந்தது. அது யாருக்கு என்பதைத் தணிகாசலத்தின் ஒரு வரிக் குறிப்புதான் தீர்மானிக்கும்.

தயாரிப்பு உதவியாளர் என்பவர் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவார். கலைஞர்களை வாசலிலிருந்து அழைத்து வருவார். பாடகருக்கு வெந்நீர் கொடுப்பார். புலவரின் மூக்குக் கண்ணாடி புலவரின் நெற்றியில் இருக்கிறது என்பதை மரியாதையாகத் தெரிவிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஆகட்டும் சார்’ என்பார். முன்பு இந்த வேலையில் இருந்த நெடுஞ்செழியன் நன்றாகத்தான் வேலை செய்தான். மே மாதத்தில் ஒருநாள் புலவர் இயற்கையான மழை ஓசை பிடித்து வரச் சொன்னபோது, ‘மே மாசத்துல முடியாது சார்’ என்றான். ஜூனில் மழை வந்தது. நெடுஞ்செழியன் இல்லை.

அந்த ஆண்டு, அறுபத்தாறு, ஆகஸ்டில் ஒலிபரப்ப ஓர் ஒலிச்சித்திரம் தயாரானது. பெயர் ‘பாதாளத்தில் பாரதம்’. தங்கச் சுரங்கத் தொழிலாளியின் பெருமையைச் சொல்வது. தணிகாசலம் அதை பெங்களூரில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தார். தொழிலாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. தொழிலாளி சொல்ல வேண்டிய பதில்களும் இருந்தன. சுரங்கத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் கற்பனைக்கு இடையூறு என்பது அவர் கருத்து. குரல்களையும் ஓசைகளையும் மட்டும் நேரில் பிடித்து வர வேண்டும்.

“உன் ஊராமே? இந்தச் சித்திரம் சிறந்தால் உன் எதிர்காலமும் சிறக்கும். குறிப்பு எழுதுகிற பேனா என் சட்டைப் பையில்தான் இருக்கிறது” என்றார்.

“ஆகட்டும் சார்.”

தங்கவயலில் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கினார்கள். டேப் ரெக்கார்டர், மைக், கம்பிச் சுருள், பேட்டரிப் பெட்டி, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் வின்னியிடம். புலவரிடம் குடை.

முதல் நாள் பேட்டி. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களில் வின்னி அசோகனைப் பிடித்து வந்தாள். அவளுக்குப் பக்கத்து வீடு. பௌத்த சங்கத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர், கூச்சமில்லாமல் பேசுவார். சுரங்கத்துக்குள்ளே பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. முகம் கழுவி, தலை சீவி, மனைவி நாகம்மா எடுத்து வைத்த வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார்.

தணிகாசலம் தாளை நீட்டினார். “எம் வியர்வைத் துளிகள் பாரத அன்னையின் நெற்றித் திலகம். இதை உணர்ச்சியோடு மொழியுங்கள்.”

அசோகன் தாளைப் பார்த்தார். “இத யார் சார் சொல்றது?”

“நீங்கள்தான்.”

“நான் எப்ப சொன்னேன்?”

“இனிமேல் சொல்லப் போகிறீர்கள்.”

“வேர்வைய எட்த்துக்கினு போய் அம்மா நெத்தில வைக்கறதா? எங்கம்மா இருந்தா தொடப்பத்த தூக்கும் சார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வின்னி சிரிக்கவில்லை; டேப் ஓடிக்கொண்டிருந்தது.

“சரி, உங்கள் தொழிலை உங்கள் சொற்களிலேயே விளக்குங்கள்” என்றார் புலவர், பெருந்தன்மையாக.

“அதா. பாறைக்கு மரத்த முட்டு குடுப்பேன். பாரம் ஏற ஏற முட்டு முனகும் சார். முனகிக்கினே இருந்துச்சின்னா இன்னும் டைம் இருக்குதுன்னு அர்த்தம். கம்முனு ஆயிடுச்சின்னா உட்டுட்டு ஓடணும்.”

“முனகல் வேண்டாம். துயரமாக இருக்கிறது. பெருமையாக ஏதாவது?”

அசோகன் யோசித்தார். “பதினாறு வருசமா எல்லா வெரலும் இருக்குது சார்” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வானொலியில் கை தெரியாது என்று புலவர் சொன்னார்.

எழுந்து போகும்போது அசோகன் வின்னியின் காதருகே குனிந்தார். “இன்னாம்மா, உங்க சாரு தமிழ் பேசறாரா, மந்திரம் ஓதறாரா? தெனம் இவராண்டதான் குந்திக்கினு இருக்கியா? எங்க வேலையே தேவலாம் போலக்கீதே.”

அசோகனின் பகுதியை நிலையத்து நாடகக் கலைஞர் ஒருவர் வாசிப்பார் என்று புலவர் அங்கேயே முடிவு செய்தார். தொழிலாளிக்குத் தொழிலாளியின் குரல் அமையவில்லை.

மிச்சம் இருந்தது சுரங்கத்துச் சங்கு. சித்திரம் சங்கொலியில் தொடங்கிச் சங்கொலியில் முடிய வேண்டும். மறுநாள், ஷிப்ட் மாறுகிற மூன்று மணிச் சங்கைப் பிடித்தார்கள். போட்டுக் கேட்டபோது சங்குக்கு மேலே நூறு சைக்கிள் மணிகள், ஒரு நாய், “டேய் மாரி, இன்னிக்கி உன் மாமியா ஊட்ல கறியாண்டா?” என்று ஒரு குரல், அதற்கு மாரி சொன்ன, எந்த அரசாங்கமும் ஒலிபரப்ப முடியாத ஒரு பதில்.

“தூய சங்கு வேண்டும்” என்றார் தணிகாசலம். “மாசில்லாத சங்கு. நாளைக் காலை பத்தரைக்கு. அப்போது எல்லோரும் பாதாளத்தில் இருப்பார்கள், இவ்விடம் அமைதியாக இருக்கும்.”

வின்னிக்கு அது சரியாகப் படவில்லை. லைனில் பிறந்த எவருக்கும் படாது. ஏழு, மூன்று, பதினொன்று: இந்த மூன்று நேரமும் தவிர்த்துச் சங்கு ஊதினால் கீழே யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று பொருள். அப்படி ஊதினால் லைன்களில் ஒரு பெண்ணும் வீட்டில் இருக்க மாட்டாள். அடுப்பில் இருப்பது அடுப்பில் கிடக்கும். ஐந்து நிமிடத்தில் ஷாஃப்ட் கேட்டில் இருநூறு பேர். ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வரும். யார் வீட்டு ஆள் என்று தெரியும். அந்த வீட்டுக்காரிக்கு மட்டும் வழி விடுவார்கள். மேலே வருகிறவன் முதலில் பார்க்கிற முகம் அவன் வீட்டு முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கம்பெனியின் விதிப் புத்தகத்தில் இது கிடையாது. கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடக் கூடாது என்றுதான் அதில் இருந்தது.

“சார், நேரம் தப்பிச் சங்கு ஊதினால் இங்கே...”

“நீ உதவியாளரா, தடையாளரா?”

நெடுஞ்செழியனின் மழை அவள் நினைவுக்கு வந்தது.

“ஆகட்டும் சார்.”

கம்பெனியின் நலத்துறை அதிகாரி வடக்கேயிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சங்கு எதற்கு ஊதுகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கலாசாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். தாளை எடுத்துக்கொண்டு வின்னி சங்கு அறைக்குப் போனாள். முப்பது வருஷமாகச் சங்கு ஊதுகிற ராமசாமி அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“இன்னாம்மா இது, ஊரத் தெரியாதவ மாரி வந்து நிக்கறே? பத்தரைக்கு ஊதினா அவ்ளோ பொம்பளைங்களும் மாரட்ச்சிக்கினு ஓடியாருவாங்க. உங்கம்மாவும் ஓடியாரும்.”

“மாமா, இது சரியா வந்தாத்தான் எனக்கு வேலை. நான் எல்லா லைன்லயும் சொல்லிடறேன். ஒரு வூடு உடமாட்டேன்.”

“உடாம சொல்லுவியா?”

“உடாம.”

ராமசாமி பெருமூச்சு விட்டுத் தாளை ஆணியில் குத்தினார். “உங்கப்பன் மூஞ்சிக்காகத்தான். அப்பால என்னிய கேக்கக் கூடாது.”

அன்று சாயங்காலம் வின்னி செய்ததுதான் அவள் உதவியாளராகச் செய்த முதல் உருப்படியான வேலை. குழாயடி குழாயடியாகப் போனாள். ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் இரண்டு பாட்டுக்கு நடுவே அறிவித்தார். பௌத்த சங்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். யூனியன் ஆபீசில் தமுக்கு அடிக்கிறவரை அனுப்பினார்கள். நாளைக் காலை பத்தரைச் சங்கு ரேடியோச் சங்கு. யாரும் பயப்பட வேண்டாம், ஓடி வர வேண்டாம். தணிகாசலம் இதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்து, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அந்த நேரத்தில் யாரும் சத்தம் போடவும் வேண்டாம்.

கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். லூயிசாவும் நாகம்மாவும் படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

“தெரியும், தெரியும்” என்றாள் லூயிசா. “நாலு தபா கேட்டாச்சி. எம் பொண்ணு சங்க புடிக்கப் போறான்னு நானே ரெண்டு தெரு சொல்லிட்டேன்.”

நாகம்மா கீரையைக் கீழே வைத்தாள். “சங்கு கேட்டா எங் காலு நிக்காது வின்னி. நான் போறதுன்னு இல்ல, அது பாட்டுக்கு ஓடும்.”

“ஓடாதேக்கா. நீ ஓடினா உன்னப் பாத்து எல்லாம் ஓடும். டேப்புல பூரா சத்தமாயிடும். எங்க சார் அப்புறம் குறிப்பு எழுத மாட்டாரு.”

“நான் இவளப் புடிச்சி குந்த வச்சிக்கிறேன், நீ போடி” என்றாள் லூயிசா.

மறுநாள் காலை பத்து மணிக்கே வின்னி ஷாஃப்ட் கேட்டுக்கு உள்ளே முக்காலி போட்டு, டேப் ரெக்கார்டரை வைத்து, மைக்கைக் கையில் எடுத்துச் சங்கு இருக்கும் கூரைப் பக்கம் திருப்பினாள். தணிகாசலம் குடையை மடக்கி அதன் மேல் இரு கையையும் ஊன்றி நின்றார். ஒலி அளவைக் காட்டும் முள் சரியாக ஆடுகிறதா என்று பார்க்க வின்னி டேப்பை ஓடவிட்டாள். காற்றில் ஒரு காகம். முள் காகத்துக்கு ஆடியது.

பத்து பதினெட்டுக்குச் சங்கு ஊதியது.

புலவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். டேப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது கடவுள் செயல். வின்னி மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். சிவப்புக்குப் போகாமல், சிவப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

லைன்களில் குழாய்களை மூடினார்கள். அழுத குழந்தையின் வாயில் வெல்லம் வைத்தார்கள். நெஞ்சில் தூசி கட்டிய பென்ஷன்காரர்கள் இருமலைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நிமிடம் முன்னதாக ஊதுகிறதே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை; ரேடியோக்காரர்கள் கடிகாரம் ஓர் அவசரக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டார்கள். கீழே பாறை பெரிதாக வெடித்திருந்தால் வீடுகள் குலுங்கி, தட்டுகள் உருண்டு, ஊருக்குச் சொல்லியிருக்கும். இது சின்னச் சரிவு. ஒரே ஒருவர் மேல். ஒரு டம்ளர்கூட அசையவில்லை. நாகம்மாவின் இரண்டு தோளையும் லூயிசா அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கு நாற்பது விநாடி ஊதி, இறங்கி, அடங்கியது. அந்த ஊரில் அப்படியொரு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

ராமசாமி சங்கு அறையிலிருந்து வெளியே ஓடிவந்தார். “அய்யோ, இது உன்னுது இல்லம்மா! இது நெஜம்! கீயேருந்து போன் வந்திச்சி! எங்கடி ஒருத்தியையும் காணோம்?”

கேட்டுக்கு வெளியே பார்த்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது.

“யாரு மாமா?”

“தெரில. முட்டு குடுக்கற டிம்பர் ஆளுன்னாங்க.” ராமசாமி பேசிக்கொண்டே பின்னால் நடந்தார். போனை விட்டு அவர் நகரக் கூடாது. “காவக்காரே, நீ போய் லைன்ல சொல்லு!”

“நான் கேட்ட உட்டுட்டுப் போவக் கூடாதுங்க” என்றார் காவல்காரர். “ஆம்புலன்ஸ் வரும், தெறக்கணும். அந்தப் பொண்ண அனுப்புங்க. ஓடினா அஞ்சு நிமிசம்.”

வின்னி மைக்கை முக்காலியில் வைத்தாள். “சார், நான் போய்...”

“நிறுத்தாதே” என்றார் தணிகாசலம். அவர் கண்கள் பளபளத்தன. “கேஜ் எழுகிறது, கேட்கிறாயா? இந்த ஓசையை எவரும் இதுவரை பிடித்ததில்லை. டேப்பில் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. மைக்கை எடு.”

“சார், அது யாருன்னு...”

“மைக்கை எடு. இதுதான் உன் சித்திரம், வின்னி. குறிப்பை நான் மனத்தில் எழுதியாகிவிட்டது.”

வடம் சுற்றுகிற சத்தம், பிறகு இரும்புக் கதவு திறக்கிற சத்தம். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தார்கள். இடுப்பிலிருந்து கீழே கம்பளி மூடியிருந்தது, கம்பளி நனைந்திருந்தது. முகத்தில் தூசி. வழக்கமாகக் கூட்டம் நிற்கிற கேட்டுக்கு அருகே ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்து, தூக்கி வந்தவர்கள் யாரையோ தேடுகிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார்கள். மைக் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். குடையோடு ஒருவர் நின்றார்.

அசோகன் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் மைக்கைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையை, பிறகு முகத்தை.

“வின்னியா?”

“ஆமாண்ணா.”

“நாகு எங்க? சங்கு ஊதலியா?”

“ஊதிச்சிண்ணா. அக்கா வந்துக்கினு இருக்குது.”

“வரட்டும்” என்று அவர் கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

புலவர் ஒரு விரலை உயர்த்தி, அருமை என்று ஜாடை காட்டினார். வின்னி நின்றாள். அவள் கால் எந்த நேரமும் புறப்பட்டுவிடும் போலத்தான் இருந்தது. தெருமுனை தெரிந்தது, முனையைத் தாண்டினால் லைன், கத்தினால்கூட முதல் வரிசை வீடுகளில் கேட்கும். கத்தினால் டேப்பில் விழும். சுருள் மெல்லச் சுற்றியது. ஆம்புலன்ஸ் வந்தது. காவல்காரர் கேட்டைத் திறந்தார். அதற்காகத்தான் அவர் இருந்தார். ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். அசோகன் தலை அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. வண்டி போயிற்று. டேப்பின் வால் சுருளிலிருந்து விடுபட்டுப் பட்பட்டென்று அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவள் ஓடினாள்.

வீட்டு வாசலில் நாகம்மாவின் தோளை லூயிசா இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வின்னியைப் பார்த்ததும் லூயிசா, “இன்னாடி, பத்தரை இப்பதான ஆவுது, இன்னொரு தபா ஊதுமா?” என்றாள்.

நாகம்மா மூன்று மைல் ஓடியும் நடந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அசோகனுக்கு முகத்தை மூடியிருந்தார்கள். அரை மணி நேரம் பேச்சு இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். என்ன பேசினார் என்று நாகம்மா கேட்டாள். ஆள் வருது, ஆள் வருது, வண்டிய நிறுத்துங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடக்கம் மறுநாள். சங்கத்துப் பெரியவர் பஞ்சசீலம் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வின்னி பின்னால் நின்றாள். தணிகாசலம் வரவில்லை, சுரங்க வாயிலருகே நின்றதில் அவருக்குத் தலைவலி கண்டிருந்தது. கம்பெனி ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தது. அதோடு, வேலை நேரம் தவிரச் சங்கை வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ராமசாமிக்கு ஒரு தாளும் வந்தது. கையெழுத்து அதே நலத்துறை அதிகாரியுடையது.

யாரும் வின்னியைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். இடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஒருவர் பக்கத்தில் வந்து, “எப்பம்மா ரேடியோல வருது? அசோகன் பேசினதும் வருமா?” என்று கேட்டார். தேதியை மட்டும் சொன்னாள்.

நாகம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வின்னி எதிரே நின்றாள்.

“அக்கா.”

“கால் ஓடிச்சி வின்னி” என்றாள் நாகம்மா. “நெஜமா ஓடிச்சி. உங்கம்மாதான் புடிச்சிக்கினா. நீதான் சொன்னியே, உனக்கு வேலை போய்டும்னு. சரி, பொண்ணு பொழைக்கட்டுமேன்னு நானும் குந்திட்டேன்.” பிறகு கேட்டாள்: “அவரு மேல வந்தப்போ கேட்ல யார்னா இருந்தாங்களா?”

“நான் இருந்தேங்க்கா.”

“நீ இருந்தியா.” நாகம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நம்ம ஆளு ஒருத்தராவது இருந்தாங்களே. கையப் புடிச்சியா?”

வின்னி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

வின்னி வீட்டுக்குள் லூயிசா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அன்றிரவு சமைக்கவில்லை. அதன் பிறகு நாகம்மாவின் தோளைத் தொட்டுப் பேசுவதை அவள் விட்டுவிட்டாள்.

‘பாதாளத்தில் பாரதம்’ குறித்த நாளில் ஒலிபரப்பானது. அசோகனின் பகுதியை நாடகக் கலைஞர் வாசித்தார். நெற்றித் திலகம் என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. கேஜ் எழுகிற ஓசை இருந்தது. அதற்குப் பின்னால் வந்தது எதுவும் இல்லை. கடைசியில் தணிகாசலம் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்: இந்தச் சங்கொலியைப் பதிவு செய்தபோது ஓர் ஊரே மூச்சடக்கி மௌனம் காத்தது, கலைக்கு உழைப்பாளி மக்கள் செலுத்திய மரியாதை அது. நிலைய இயக்குநர் இவ்வளவு தெளிவான சங்கைத் தம் பணிக்காலத்தில் கேட்டதில்லை என்று எழுதினார். நேயர் கடிதங்கள் இருபத்திரண்டு வந்தன. தங்கவயலிலிருந்து ஒன்றும் இல்லை.

செப்டம்பரில் வின்னிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தணிகாசலத்தின் குறிப்பு ஒரு வரிதான்: ‘எந்நிலையிலும் இயந்திரத்தை விட்டு அகலாதவர்.’

ஒலிபரப்புக்கு முன் அந்த டேப்பை வெட்டி ஒட்டியது வின்னிதான். வெட்டி எடுத்த துண்டில், சங்கு அடங்குவதற்கும் ராமசாமி கத்துவதற்கும் நடுவே நான்கு விநாடி இருக்கிறது. அதில் ஒரு பெண், “ரொம்ப நல்லா வந்திருக்கு சார்” என்கிறாள். தணிகாசலம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை, அவளாகத்தான் சொல்கிறாள். குரலில் சந்தோஷம் நன்றாகத் தெரிகிறது.